ஒன்பது கட்டுத் தாள்

காகிதம் எரிப்பது என் வேலைகளில் ஒன்று.

ரங்கூனில் லான்மடாவ் பக்கம் சீனர்களின் கோயிலை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஏழு வருஷம் அங்கே தர்வானாக, அதாவது காவல்காரனாக, இருந்தேன். கதவு திறப்பது, பெருக்குவது, தண்ணீர் பிடிப்பது, காகிதம் எரிப்பது. அதற்கு முன்னால் துறைமுகத்தில் மூட்டை சுமந்தேன். ஒரு நாள் சரக்கு ஏற்றும் பலகையில் கால் வழுக்கி இடுப்பு போனது. சுமையும் அதோடு போனது.

எரிப்பது என்றால் குப்பை எரிப்பது இல்லை. சீனர்களிடம் ஒரு வழக்கம். எழுத்து இருக்கிற தாளைக் காலில் படவிட மாட்டார்கள். அதில் மீன் சுற்ற மாட்டார்கள். சாக்கடையில் போட மாட்டார்கள். அதற்கென்று மூங்கில் கூடை. அதற்கென்று கோயில் முற்றத்தில் செங்கல் உலை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் உலையில் இட்டு எரிக்க வேண்டும். சாம்பலைப் பானையில் அள்ளி ஆற்றில் கரைக்க வேண்டும். தெருவில் கிடக்கிற மருந்துச் சீட்டைக்கூட நான் பொறுக்கி வருவேன். எனக்கு இது விநோதமாகப் படவில்லை. நாமும் காகிதம் காலில் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். இவர்கள் அதற்கு ஓர் உலை கட்டி ஓர் ஆளையும் வைத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த அன்று கோயில்காரர் இரண்டு கட்டளை சொன்னார். கூடையில் விழுந்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது. எரிக்கிறவன் தாளைப் புரட்டிப் பார்க்கக் கூடாது.

"உனக்குச் சீன எழுத்து தெரியுமா?" என்று கேட்டார்.

"தமிழே மூணாம் வகுப்போட சரி."

"நல்லதாப் போச்சு. படிக்கத் தெரிஞ்சவனை வச்சா, கூடைக்குள்ள விட்ட கையை வெளியே எடுக்க மாட்டான்" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் இரண்டு பேர். பர்மாவில் வாத்தியாரைச் சயா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். பெரிய சயா, சின்ன சயா.

பெரிய சயாவுக்கு அறுபது வயது இருக்கும். கோழி மாதிரி மெலிந்த ஆள். சொந்த ஊரில் ராஜாங்கப் பரீட்சைக்கு மூன்று தடவை உட்கார்ந்து மூன்று தடவையும் தோற்றவர். நான்காம் தடவைக்குத் தயாரானபோது பரீட்சையையே எடுத்துவிட்டார்கள். "நான் ஏறப்போற நேரம் பார்த்து ஏணியை விறகாக்கிட்டாங்க" என்பார். கப்பலேறி ரங்கூன் வந்தார். கல்யாணம் இல்லை. பள்ளிக்கூடத்தின் பின் அறையில் குடியிருந்தார். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம். மீதி நேரம் எழுத்து.

அவர் எழுதியது அவர்கள் நாட்டு இலக்கியத்தின் வரலாறு. ராஜவம்சம் ராஜவம்சமாக, ஆதியிலிருந்து மஞ்சு ராஜாக்கள் போனதுவரை. பதினெட்டு வருஷமாக எழுதினார் என்று சொன்னார். ஒன்பது கட்டு. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிறக் கயிறு. ரங்கூன் மழைக்குக் காகிதம் பூஞ்சை பிடிக்கும். ஆகையால் மழைக்காலத்தில் தினம் ஒரு கட்டை இறக்கி, கரி அடுப்புக்கு மேலே மூங்கில் தட்டு வைத்து, அதில் காயவைப்பது என் வேலை. அது யாரும் எனக்கு இட்ட வேலை இல்லை. அவர் கட்டை இறக்கத் திணறியதைப் பார்த்து நானாக எடுத்துக்கொண்டது.

காயும்வரை அவர் சும்மா இருக்க மாட்டார். உடைந்த பர்மிய மொழியில் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் விசிறிக்கொண்டே கேட்பேன். பதில் சொல்ல மாட்டேன். கேட்டது பாதி மறந்துவிட்டது. மறக்காததை எழுதுகிறேன்.

பச்சைக் கயிறு சௌ வம்சம். குடியானவன் பாட்டு, படைக்குப் போனவன் பெண்டாட்டி பாட்டு. ராஜாவின் ஆட்கள் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்களாம். ஜனம் என்ன பாடுகிறது என்று தெரிந்தால் ஆட்சி எப்படி நடக்கிறது என்று தெரியுமாம். கறுப்புக் கயிறு ஹான். கனமான கட்டு. அதில் ஒரு சரித்திரக்காரன் வருவான். தோற்ற தளபதி ஒருவனுக்காக ராஜாவிடம் பரிந்து பேசினான். அதற்கு அவன் ஆண்மையை அறுத்தார்கள். அவன் தூக்கு மாட்டிக்கொள்ளவில்லை. உட்கார்ந்து சரித்திரத்தை எழுதி முடித்தான். இதைச் சொல்லும்போது பெரிய சயா என் முகத்தைப் பார்க்க மாட்டார், அடுப்பைப் பார்ப்பார். அடுத்தது நாடு துண்டு துண்டாக உடைந்த காலம். உத்தியோகத்தை உதறிவிட்டு வயலுக்குப் போனவர்கள், குடித்துவிட்டு மலையில் கிடந்தவர்கள். அப்புறம் தாங். சிவப்புக் கயிறு, இரண்டு கட்டு. அந்த வம்சத்தில் உத்தியோகத்துக்கே கவிதைப் பரீட்சை.

"கவிதை எழுதத் தெரிஞ்சாத்தான் தாசில்தாரா?" என்று அன்றைக்கு மட்டும் கேட்டுவிட்டேன்.

"அப்படித்தான்."

"வரி யாரு வசூலிச்சா?"

"கவிதை எழுதத் தெரியாதவன்" என்றார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சுங் வம்சத்தில் மெட்டுக்குப் பாட்டுக் கட்டினார்கள். மெட்டு போய்விட்டது, பாட்டு நிற்கிறது. யுவான் வம்சத்தில் மங்கோலியர் வந்து பரீட்சையை நிறுத்தினார்கள். படித்தவனுக்கு வேலை இல்லை. அவன் கூத்துக்காரர்களோடு சேர்ந்து நாடகம் எழுதினான். மிங் வம்சத்தில் பெரிய பெரிய கதைகள், சந்தையில் பேசுகிற பேச்சில். கடைசி, சிங். தப்பாக ஒரு வரி எழுதினால் குடும்பத்தோடு தலை போகும் காலம். அப்போதும் எழுதினார்கள்.

இதெல்லாம் ஒரு தர்வானுக்கு எதற்கு? எதற்கும் இல்லை. கேட்க நன்றாக இருந்தது. கட்டைத் தூக்கிப் பார்த்தே எது எந்த வம்சம் என்று சொல்லிவிடுவேன்.

சின்ன சயா நான் சேர்ந்து ஐந்து வருஷம் கழித்து வந்தவன். அப்போது அவர் என்றுதான் சொல்வேன். இப்போது அவன். முப்பது வயதுகூட இருக்காது. ஷாங்காயில் படித்தவன். தோல் பூட்ஸ். இந்தப் பழைய எழுத்து மொழியே வேண்டாம், வாயால் பேசுகிற மாதிரி எழுதப் பழக்க வேண்டும் என்பது அவன் கட்சி. அதில் எனக்குக் குறை இல்லை. துறைமுகத்துச் சீனக் கூலிகளின் பிள்ளைகள் அவனிடம் ஆறே மாதத்தில் ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். பெரிய சயாவிடம் ஆறு வருஷம் ஆகும். உள்ளதைச் சொல்ல வேண்டும். அவன் வெறும் அயோக்கியனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரியாது.

பள்ளிக்கூடத்தை நடத்தியது வியாபாரிகள் கமிட்டி. தலைவர் எண்ணெய் மண்டி முதலாளி. பெரிய சயாவின் புத்தகத்தை அச்சுப் போட்டு, மேல் வகுப்புக்குப் பாடமாக வைப்பது என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மழை ஓய்ந்ததும் ஒன்பது கட்டையும் கமிட்டி முன்னால் வைக்க வேண்டும். பார்த்துவிட்டுத் தீர்மானம். பெரிய சயாவின் பதினெட்டு வருஷமும் அந்த ஒரு நாளில் இருந்தது.

சின்ன சயா வந்து சண்டை போட்டான். நான் தாழ்வாரம் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஏழு வருஷத்தில் அவர்கள் பேச்சு என் காதுக்குப் பழகியிருந்தது. பேச வராது. கேட்டால் புரியும். புரியும் என்று யாரும் நினைக்கவில்லை.

"இந்தப் பிணத்தையெல்லாம் பிள்ளைங்க முதுகில ஏத்தாதீங்க, ஐயா" என்றான்.

"எது பிணம்? யுவான் நாடகம் என்ன பேச்சு? சந்தைப் பேச்சு. மிங் கதை என்ன பேச்சு? டீக்கடைப் பேச்சு. நீ புதுசாக் கண்டுபிடிச்சேன்னு குதிக்கிறியே, அது அறுநூறு வருஷப் பழசு. அதைத்தான் நானும் எழுதியிருக்கேன். படிச்சுப் பாரு."

"உங்க எழுத்தைப் படிக்கிறதுக்குள்ள எனக்கும் தாடி நரைச்சுடும்."

"நரைக்கட்டும். அப்பவாவது புத்தி வரும்."

அவன் பூட்ஸ் சத்தத்தோடு போனான். நான் பெருக்கினேன்.

மழையின் கடைசியில் பசுந்தாங் பேட்டையில் ஒரு சீன ஆலை முதலாளி செத்துப்போனார். சாவு வீட்டுக்கு வெள்ளைத் துணியில் இரண்டிரண்டு வரியாகத் துக்க வாசகம் எழுதித் தொங்கவிடுவார்கள். நல்ல கையெழுத்து வேண்டும். பெரிய சயாவை வண்டி வைத்துக் கூட்டிப்போனார்கள். மூன்று நாள்.

இரண்டாம் நாள் அமாவாசை. காலையில் உலையைத் துடைத்துவிட்டுக் கூடைகளை எடுக்கப் போனேன். தாழ்வாரத்தில் வழக்கமான கூடையோடு இன்னும் மூன்று கூடை. எல்லாம் விளிம்புவரை தாள். சின்ன சயா பக்கத்தில் நின்றான்.

"இது என்ன சயா, இவ்வளவு?"

"பழைய பரீட்சைத் தாள். பெட்டியில கிடந்து நாறுது. இன்னிக்கே முடிச்சிடு." பர்மிய மொழியில் தெளிவாகச் சொன்னான். அந்த வார்த்தைகள் இன்றும் என் காதில் இருக்கின்றன.

தூக்கினேன். கனத்தது. பரீட்சைத் தாள் அவ்வளவு கனக்காது. மேல் தாளில் வரிகளுக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டங்கள் இருந்தன. நல்ல வரிக்கு வட்டம் போடுவது அவர்கள் வழக்கம். பெரிய சயா தன் கட்டுகளிலும் போடுவார். பிள்ளைகளின் பரீட்சைத் தாளிலும் போடுவார். கயிறு ஒன்றுகூட இல்லை. கயிறு இருந்திருந்தால் தெரிந்திருக்கும். அது அவனுக்கும் தெரியும். ஒன்பது முடிச்சையும் அவிழ்த்து, தாளைக் கலைத்துப் போட்டிருக்கிறான்.

கூடையில் விழுந்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது. எரிக்கிறவன் புரட்டிப் பார்க்கக் கூடாது. ஏழு வருஷமாக நான் அதை மீறவில்லை. அன்றும் மீறவில்லை. எப்போதும் போல ஒவ்வொரு பிடி தாளையும் நெற்றியில் தொட்டு உலையில் இட்டேன். மத்தியானம்வரை ஆயிற்று. சாம்பலை இரண்டு பானையில் அள்ளிக்கொண்டு போய் ஆற்றில் கரைத்தேன். திரும்பும்போது கை காலெல்லாம் கழுவிக்கொண்டு ஒரு கடையில் நிம்மதியாக டீ குடித்தேன். அந்தக் கடைப் பக்கம் பிறகு நான் போனதே இல்லை.

மறுநாள் பெரிய சயா வந்தார். அறைக்குள் போனார். வெளியே வந்தார்.

"கட்டெல்லாம் காயவச்சிருக்கியா?"

"இல்லையே சயா."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எனக்குப் புரிந்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. என் முகத்தில் படித்திருப்பார். வாசல்படியில் உட்கார்ந்தார். மைக் கறை பிடித்த விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான்கு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

நேரே சின்ன சயாவிடம் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நான் கவலைப்படவில்லை.

"பரீட்சைத் தாள்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நானா? நான் எதையும் தொடலையே."

"நின்னு சொன்னீங்க. இன்னிக்கே முடின்னு சொன்னீங்க."

"கலா, உனக்கு எழுத்து தெரியாது. எதையோ எடுத்து எரிச்சிட்டே. பாவம், உன்மேல எனக்குக் கோபம் இல்ல" என்றான். இந்தியரை அங்கே கலா என்பார்கள். அது பழகிப்போனது. அந்தப் பாவம்தான் பொறுக்கவில்லை. அவன் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்திருப்பேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன். பிடித்திருக்க வேண்டும்.

அன்றே லான்மடாவ் முழுக்கச் செய்தி. துறைமுகத்துப் பழைய கூட்டாளிகள் தெருவிலேயே பிடித்துக்கொண்டார்கள்.

"என்னா தர்வானு, சரஸ்வதிக்கே கொள்ளி வச்சிட்டியாமே!"

"சீனத்துச் சரஸ்வதிடா. நம்மாளு கைராசி அப்படி."

யாரையும் அடிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன்.

"தட்டு என்னங்க செஞ்சுது?" என்றாள் என் மனைவி. "நாளைக்குக் கமிட்டியில கேட்டா இருக்கிறதச் சொல்லுங்க. இல்லைன்னா வாயப் பொத்திக்கிட்டு இருங்க. நடுவுல எதையாவது செஞ்சுட்டு வராதீங்க."

மறுநாள் கமிட்டி கூடியது. நீள மேஜை. தலைவர், இன்னும் இரண்டு வியாபாரிகள். ஒரு பக்கம் பெரிய சயா, எதிர்ப்பக்கம் சின்ன சயா. நான் கதவருகே நின்றேன்.

தலைவர் பர்மிய மொழியில் என்னைக் கேட்டார். "எரிச்சது நீதானா?"

"நான்தான்."

"யாரு சொல்லி?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பெரிய சயா எழுந்தார். சீனத்தில் சொன்னார். எனக்குப் புரியாது என்று நினைத்துத்தான் சொன்னார். "நான்தான் எரிக்கச் சொன்னேன். புத்தகத்துல பிழை மலிஞ்சிருந்தது. உங்களுக்குக் காட்ட வெட்கமா இருந்தது. இவன்மேல குத்தம் இல்ல. இவனைப் போலீஸ்ல கொடுக்கிற பேச்சு வேண்டாம்."

சின்ன சயா தலையைக் குனிந்துகொண்டான். தலைவர் பெருமூச்சு விட்டார். எல்லோருக்கும் நிம்மதி. எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் எல்லாம் தெரியும். படித்த மனிதன் இன்னொரு படித்த மனிதனின் புத்தகத்தை எரித்தான் என்று ஆனால் பள்ளிக்கூடத்துக்கே கேவலம். கிழவர் சொன்னது எல்லோருக்கும் வசதி. பதினெட்டு வருஷ உழைப்பும் பிழை என்று அவர் வாயாலேயே ஆயிற்று. என்னைக் காப்பாற்றுவதற்கு.

நான் கேட்டேனா?

"அது பொய்" என்றேன். பர்மிய மொழியில் சத்தமாக. "பெரிய சயா சொல்றது பொய். சின்ன சயா சொல்லித்தான் எரிச்சேன். பரீட்சைத் தாள்னு சொன்னாரு. ஒன்பது கயிறு எங்கே போச்சுன்னு அவரைக் கேளுங்க. நான் முடிச்சு அவிழ்க்கல. உலையில கயிறு விழல."

தலைவர் என்னையே பார்த்தார். "இவ்வளவு நாளா நாங்க பேசுறது உனக்குப் புரியுமா?"

"புரியும்."

அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. புத்தகம் போனதைவிட அது பெரிதாகிவிட்டது. வியாபாரி ஒருவர் இன்னொருவரைப் பார்த்தார்.

"நீ சொல்றது நிஜம்னா உன் சயா பொய்யர். அப்படித்தானே?" என்றார் தலைவர்.

வலை என்று தெரிந்தது. தெரிந்தே சொன்னேன். "ஆமா. பொய்தான் சொன்னாரு."

பெரிய சயா யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். கயிற்றைப் பற்றி யாரும் யாரையும் கேட்கவில்லை. வாத்தியாரைப் பொய்யர் என்று சொன்ன வேலைக்காரனை வைத்துக்கொள்ள முடியாது என்று தலைவர் சொன்னார். சாவியை மேஜையில் போட்டேன். சின்ன சயா இன்னும் குனிந்தபடியே இருந்தான். கழுத்து சிவந்திருந்தது. வெட்கமாகவும் இருக்கலாம். இருந்து என்ன?

"வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" என்றாள் மனைவி.

"இருக்கிறதச் சொல்லச் சொன்னியே."

"கேட்டாத்தானே சொல்லச் சொன்னேன். பெரியவரு எந்திரிச்சுச் சொன்னதுக்கப்புறம் உங்கள யாரும் கேட்கவே இல்லையே."

அவள் சொன்னது சரி. பசுந்தாங்கில் ஒரு மரக்கடையில் வேலை கிடைத்தது. மரத்தை எண்ணி அடுக்குவது. அதில் எழுத்து ஒன்றும் கிடையாது.

பெரிய சயாவும் ஒரு மாதத்தில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார். மாவ்பியில் ஒரு சீன மளிகைக் கடைக்காரர் தன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அவரை வைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். ஒரு வருஷம் போகவில்லை. கோபம்தான். அவர் மேலும் கோபம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினேன்.

கடைக்குப் பின்னால் உப்பு மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேஜை. எழுதிக்கொண்டிருந்தார். இன்னும் மெலிந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு ஒரு முக்காலியைக் காலால் தள்ளினார்.

"ஹான் முடிஞ்சுது" என்றார். "ஞாபகத்துல இருக்கிற மட்டும்."

"மிச்சம்?"

"உயிர் இருந்தா."

முக்காலியில் உட்கார்ந்து கேட்டேன். "எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"உனக்குப் பெண்டாட்டி பிள்ளை இருக்கு."

"எனக்காகப் பொய் சொல்லச் சொல்லி நான் கேட்கல."

"பொய்யருன்னு சொல்லச் சொல்லி நானும் கேட்கல" என்றார். அவருக்கும் கோபம் ஆறவில்லை. அது எனக்கு ஒரு வகையில் நல்லதாகப் பட்டது. சமமாக இருந்தோம்.

பிறகு அவரே சொன்னார். "முதல் பக்கத்துல எழுதியிருக்கேன். இந்தப் புத்தகம் ஏன் இரண்டாம் தடவை எழுதப்பட்டதுன்னு."

"என்னன்னு எழுதியிருக்கீங்க?"

தாளை எடுத்து விரலை ஓட்டினார். முதலில் சீனத்தில் படித்தார், அப்புறம் பர்மிய மொழியில் சொன்னார். "முதல் பிரதியைக் காவல்காரன் தெரியாமல் எரித்துவிட்டான்."

"யாரு சொல்லி?"

அவர் தாளைத் திரும்ப மேஜையில் வைத்தார்.

"யாரு சொல்லி எரிச்சான்னு எழுதுங்க, சயா. சரித்திரம்தானே எழுதறீங்க?"

"அவன் சின்னப் பையன். நல்லாப் பாடம் சொல்றான். அவன் பேரு நாளைக்கு எத்தனையோ பேருக்கு வேணும். எழுத்துல ஏறினா இறங்காது."

"என்னுது ஏறியிருக்கே."

"உன் பேரை எழுதலையே. காவல்காரன்னுதானே இருக்கு."

அதற்குப் பிறகு நான் அங்கே உட்காரவில்லை. கூப்பிட்டார். திரும்பவில்லை. ரயிலடிவரை வெயிலில் நடந்தேன். ராஜாவிடம் பரிந்து பேசி உறுப்பை இழந்தவனைப் பற்றிச் சொல்லும்போது அடுப்பையே பார்த்த மனிதர். ஒரு வாத்தியானின் பெயரை எழுத அவருக்குக் கை வரவில்லை.

அதற்கப்புறம் அவரைப் பார்க்கவில்லை. தாங்வரை எழுதி முடித்து இறந்துபோனார் என்றார்கள். சிலர் சுங் என்றார்கள். தாள்கள் சீனாவுக்கு, அவர் ஊருக்கே போய்விட்டனவாம். அங்கே யாராவது வைத்திருப்பார்கள். முதல் பக்கம் அப்படியே இருக்கும்.

அவர் விட்ட பாதியை எனக்குத் தெரிந்த எழுத்தில் நான் எழுதிவிட்டேன். பெயர் நானும் போடவில்லை. அவருடைய புத்தகம் அவருடைய இஷ்டம். ஆனால் காவல்காரன் தானாக எரிக்கவில்லை. படித்தவன் ஒருவன் பக்கத்தில் நின்று, பரீட்சைத் தாள் என்று சொல்லி, எரிக்கவைத்தான்.